ஹெட்போன் அக்காவுக்குச் சத்தம் போன கதை

அந்தக் கட்டடத்தில் அவளுடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லாருக்கும் அவள் ஹெட்போன் அக்கா. யார் வந்து கதவைத் தட்டினாலும் கழுத்தில் ஹெட்போனைத் தொங்கவிட்டபடிதான் வந்து திறப்பாள். அதன் வயரின் முனை தரையில் இழுபட்டுக்கொண்டு பின்னாலேயே வரும். கீழ் வீட்டுக் குழந்தை ஒருநாள் அதைப் பார்த்து, "அக்காவுக்கு வால் இருக்கு" என்று கத்தியது. அன்றிலிருந்து படியேறும்போது அவளே ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்வாள்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவுக்கு அவள் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அங்கே இருக்கிற டாக்டர் படங்களைப் பார்த்துப் பார்த்து, கண்டதை வாயால் சொல்லிப் பதிவு செய்வார். அந்தப் பதிவுகள் இணையம் வழியாக அவளுடைய கம்ப்யூட்டருக்கு வந்து சேரும். அவள் கேட்டு, அறிக்கையாக அடித்து, திருப்பி அனுப்புவாள். மேஜைக்கு அடியில் ஒரு பெடல். மிதித்தால் குரல் ஓடும். காலை எடுத்தால் நிற்கும். குதிகாலால் அழுத்தினால் இரண்டு சொல் பின்னால் போகும். தையல் மிஷினில் உட்கார்ந்தவள் மாதிரி நாள் முழுக்கக் கால் ஒரு பக்கம், கை ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்பா இருந்தவரை அந்த வீடு இப்படி இல்லை. லேத் பட்டறையில் இரும்பைக் கடைந்து கடைந்தே காதைத் தொலைத்தவர் அவர். வீட்டில் உப்பு வேண்டுமா என்று கேட்பதற்குக்கூடத் தொண்டை கிழியக் கத்த வேண்டும். டிவி அலறும். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து முகத்தைச் சுளித்துவிட்டுப் போவார்கள். அவளும் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். அப்பா போன பிறகு டிவியை அவள் போடவே இல்லை. முறையிட ஆள் வருவதும் நின்றுபோனது. வேறு காரணம் வைத்துக்கொண்டு அந்தக் கதவைத் தட்டியவர்கள் யாரும் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கல்யாணப் பேச்சு ஒரு காலத்தில் வந்தது, பிறகு நின்றது. கூடப் பிறந்த அக்கா ஒருத்தி அதே நகரத்தின் மறுகோடியில் இருந்தாள். கணவன், பிள்ளைகள், மாமியார் என்று குடும்பம் நிறைந்த வீடு. எப்போது போன் செய்தாலும் பின்னணியில் குக்கர் விசில் அடிக்கும். "இரு, அப்புறம் கூப்பிடறேன்" என்பாள். அந்த அப்புறம் அடுத்த வாரம் வரும்.

ஆக, நாளெல்லாம் அவள் காதில் விழுந்த மனிதக் குரல் டாக்டருடையது ஒன்றுதான்.

டாக்டரை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் அவருக்குச் சளி பிடிப்பது அவர் தும்முவதற்கு முதல் நாளே அவளுக்குத் தெரிந்துவிடும். நாற்காலி எப்போது கிறீச்சிடும், ஈரலைப் பற்றிச் சொல்லிவிட்டு எப்போது ஒரு மிடறு குடிப்பார், கஷ்டமான படம் வந்தால் எப்படி மூக்கால் ஒரு பெருமூச்சு விடுவார், எல்லாம் மனப்பாடம். அவளாகவே அவருக்கு ஓர் உருவமும் கொடுத்திருந்தாள். உயரம், பருத்த உடம்பு, நரைத்த மீசை.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. சொல்லி முடித்த பிறகு பதிவை நிறுத்த மறந்துவிடுவார். கருவி பாட்டுக்கு ஓடும். மனைவியிடமிருந்து போன் வரும். "சொல்லு" என்று ஆரம்பிப்பார். எதிர்முனை கேட்காது. இவருடைய பாதிப் பேச்சை வைத்துக்கொண்டு மீதிப் பாதியை அவள் கட்டிக்கொள்வாள். வீட்டுக் குழாய் ஒழுகியது, மைத்துனர் கோபித்துக்கொண்டு போனது, வெளியூரில் தங்கிப் படிக்கும் மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை என்பது, எல்லாம் அந்த வழியாகத்தான் தெரியும். அந்தப் பேச்சை அவள் அடித்ததும் இல்லை, வெளியே ஒருவரிடம் சொன்னதும் இல்லை. அறிக்கை முடிந்ததும் அடுத்த பதிவுக்குப் போயிருக்கலாம். போகமாட்டாள். பெடலில் கால் இருந்த இடத்திலேயே இருக்கும். கடைசியில் அவர், "அட, ஓடிக்கிட்டிருக்கா இது" என்று சொல்லி அணைக்கும்போது, ஆளில்லாத அறையில் அவள் சிரித்துக்கொள்வாள்.

கொஞ்ச நாளாக மகளுடைய வேலை விஷயம் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு பெரிய நிறுவனத்தில் நேர்காணல். போன முறை கை நழுவிப்போய் அந்தப் பெண் அழுது தீர்த்திருந்தாள். இந்த முறையாவது கிடைக்க வேண்டுமே என்று டாக்டருக்குக் கவலை. ஹெட்போன் அக்காவுக்கும் அதே கவலை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காலை கம்ப்யூட்டர் தானாகவே அப்டேட் ஆக ஆரம்பித்தது. அணைக்காதீர்கள் என்று எழுத்து வந்தது. வட்டம் சுற்றியது. அவள் போய்த் துணிகளை அலசிப் பிழிந்து உலர்த்திவிட்டு வந்தாள். திரை பளிச்சென்று, புது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. முதல் பதிவைத் திறந்து பெடலை மிதித்தாள்.

சத்தம் இல்லை.

திரையில் கோடு நகர்ந்தது. குரலின் ஏற்ற இறக்கம் மலைத்தொடர் மாதிரி ஓடியது. டாக்டர் அதற்குள் பேசிக்கொண்டுதான் இருந்தார். இவளுக்குத்தான் ஒன்றும் வந்து சேரவில்லை.

ஒலியளவை உச்சத்துக்கு ஏற்றினாள். பின்பக்கம் கை விட்டு, பச்சைத் துளையிலிருந்து வயரைப் பிடுங்கி மறுபடி செருகினாள். ஹெட்போனில்தான் கோளாறோ என்று அதைச் செல்போனில் மாட்டிப் பார்த்தாள். கணீரென்று கேட்டது. கம்ப்யூட்டரிலேயே கோளாறு தேடும் வசதி ஒன்று இருந்தது. அதை ஓடவிட்டாள். அது சாவகாசமாக யோசித்துவிட்டு, எந்தக் கோளாறும் இல்லை என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டது. கருவிகளின் பட்டியலைத் திறந்தபோது, ஒலி என்ற தலைப்பின் கீழ் ஒரு மஞ்சள் முக்கோணம். சத்தம் வெளியே போகும் இடம் என்று திரையின் பெயரை மட்டும் காட்டியது. அந்தத் திரைக்கோ ஸ்பீக்கரே கிடையாது.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்காவுக்குப் போன் போட்டாள்.

"என்னடி, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"கம்ப்யூட்டர்ல சத்தம் வரமாட்டேங்குது."

"அவ்வளவுதானா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். அணைச்சுட்டுப் போட்டுப் பாத்தியா?"

"மூணு தடவை பாத்தாச்சு."

"அப்ப ஒருநாள் லீவு போட்டுட்டு நிம்மதியாத் தூங்கேன். இரு, பால் பொங்குது. அப்புறம் கூப்பிடறேன்."

நிம்மதியாகத் தூங்கு என்று அக்கா நல்ல மனதோடுதான் சொன்னாள். இவள் போய்ப் படுத்தும் பார்த்தாள். பகல் வெளிச்சத்தில் மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் கிடப்பது? தெருவில் வண்டிகள் போயின. மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். எல்லாச் சத்தமும் இன்னொருவர் வீட்டுச் சத்தமாக இருந்தது. எழுந்து வந்து ஆஸ்பத்திரிப் பதிவறையின் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டாள். அவர் அவளைவிடச் சற்று மூத்த பெண்மணி. எதற்கும் பதறாத ஆள்.

"அவசரமா போக வேண்டிய ரிப்போர்ட் கொஞ்சம் இருக்கேம்மா. இல்லேன்னா வேற ஆளுக்கு மாத்திவிட்டுரட்டுமா?"

"வேண்டாம் மேடம்" என்றாள் அவள், கேட்டு முடிப்பதற்குள்ளேயே. "நானே பண்ணிடறேன்."

"அப்படின்னா நாளைக்கு இங்கேயே வந்துருங்க. பதிவறையில ஒரு மிஷின் சும்மாதான் கிடக்கு."

வேலையில் சேர்ந்த நாளுக்குப் பிறகு அவள் அந்த ஆஸ்பத்திரிக்குள் கால் வைத்ததே இல்லை. மறுநாள் கஞ்சி போட்டுத் தேய்த்த புடவை ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டாள். ஹெட்போனைப் பையில் வைத்துக்கொண்டாள். பதிவறை, நீண்ட நடைபாதையின் கடைசியில், ஸ்கேன் அறையை ஒட்டி இருந்தது. சுவர் முழுக்க இரும்பு அலமாரிகள். மூலையில் இருந்த மிஷினைத் துடைத்துக் கொடுத்தார்கள். உட்கார்ந்து, அவசரம் என்று குறித்திருந்த பதிவுகளை மட்டும் ஒவ்வொன்றாக அடித்தாள். பெடல் இல்லாமல் எலிப்பொறியில் விரல் மாட்டிக்கொண்ட மாதிரி மவுஸைப் பிடித்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

நடுவில் ஹெட்போனைக் கழற்றினாள். குரல் நிற்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. அதே குரல். ஆனால் இது வயர் வழியாக வராத குரல். அடித்தொண்டையில் ஒரு கரகரப்பு. சளி பிடித்திருக்கிறது, நாளைக்குத் தும்முவார் என்று நினைத்தாள். என்னவென்று சொல்லத் தெரியாத ஒரு சந்தோஷம். சொந்தக்காரர் வீட்டு வாசலில் வந்து நிற்பது மாதிரி இருந்தது.

கதவு திறந்து அவர் வெளியே வந்தார். குள்ளமாக, ஒல்லியாக, மீசையே இல்லாமல், கையில் ஒரு காகிதக் கோப்பையோடு. அவள் அதற்குள் எழுந்து நடைபாதைக்கே வந்துவிட்டிருந்தாள்.

"தொண்டை சரியில்லையே சார். வெந்நீர் குடிங்க" என்றாள்.

அவர் நின்று அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க... டோக்கன் வாங்கிட்டீங்களாம்மா? அந்தப் பக்கம் உக்காரணும். கூப்பிடுவாங்க."

அவள் பதிவறைப் பக்கம் கையைக் காட்டினாள். பின்னாலேயே வந்த மேற்பார்வையாளர்தான், "சார், உங்க ரிப்போர்ட் எல்லாம் டைப் பண்றவங்க இவங்கதான். வீட்டுலேர்ந்து பண்றாங்க" என்றார்.

டாக்டரின் புருவம் ஏறியது.

"ஆளா பண்றாங்க? நான் அது ஏதோ சாஃப்ட்வேர்னு நெனச்சேன்! பேசினா அதுவே எழுத்தாக்கிடும்னு சொன்னாங்களே."

"அது மத்த பிரிவுல சார். நம்ம பிரிவுக்கு இன்னும் வரலை."

"அட!" என்றார் அவர். நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "ரொம்ப நல்லா இருக்கும்மா உங்க வேலை. அசந்துபோய்டுவேன், மிஷின் இவ்வளவு சரியா பண்ணுதேன்னு." சிரித்தார். அவளும் சிரித்தாள். பிறகு அவருடைய சிரிப்பு மெல்ல அடங்கியது. எதையோ நினைத்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது. காகிதக் கோப்பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

"அப்ப... நான் முடிச்சதுக்கு அப்புறமும் சிலசமயம் ஓடிக்கிட்டே இருக்குமே. போன்ல பேசறது, அதெல்லாம்..."

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். "நான் எதையும் யார்கிட்டயும் சொன்னதில்லை சார்."

"சேச்சே, அதுக்கில்லைம்மா" என்றார் அவர் அவசரமாக. காது நுனி சிவந்திருந்தது. "தப்பு என்னோடது. நான் பாத்து நிறுத்தியிருக்கணும். உங்களுக்கு வீண் தொந்தரவு."

"தொந்தரவெல்லாம் இல்லை சார்."

"இனிமே ஜாக்கிரதையா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, கைகூப்பி, வேகமாக உள்ளே போய்விட்டார். மகளுக்கு வேலை கிடைத்ததா என்ற கேள்வி அவள் வாய் நுனி வரை வந்து அங்கேயே நின்றது. அதைக் கேட்க அவள் யார்?

மதியம் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவர் பதிவறைக்கு வந்தார். தோளில் வயர் சுருளை மாட்டிக்கொண்ட, நல்ல பருமனான ஆள். மேற்பார்வையாளர் சொல்லி அனுப்பியிருந்தார்.

"உங்களுது தனியா சவுண்டு கார்டு போட்டதா, மதர்போர்டுலயே இருக்கறதா?"

"போர்டுலயே இருக்கறதுதான்னு நெனைக்கறேன்."

"அப்ப ஒண்ணும் கெட்டுப்போகலை. டிரைவர்தான் மாறிப்போச்சு. டிரைவர்னா, கம்ப்யூட்டருக்கும் அந்தச் சவுண்டு சிப்புக்கும் நடுவுல பேச்சை மாத்திச் சொல்ற ஆள் மாதிரின்னு வெச்சுக்குங்க. அப்டேட் வந்து உங்க பழைய ஆளைத் துரத்திட்டு எல்லா ஊருக்கும் பொதுவா ஒருத்தரைக் கொண்டுவந்து உக்கார வெச்சிருக்கு. அவருக்கு உங்க சிப்போட பாஷை தெரியாது. முழிச்சுக்கிட்டு நிக்கறார்."

அவளுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. "என்ன பண்ணணும்?"

"பெட்டியைத் திறந்து போர்டு மேல இருக்கற நம்பரைப் பாருங்க. போர்டு கம்பெனியோட வெப்சைட்டுல போய், அந்த நம்பருக்கு உள்ள டிரைவரை எறக்கி வெச்சுக்குங்க. எறக்கினதும் நெட் வயரைப் பிடுங்கிடுங்க. அது முக்கியம். இல்லேன்னா நீங்க ஒருத்தரை அனுப்பறதுக்குள்ள அது மறுபடியும் அவரையே கொண்டுவந்து உக்கார வெச்சுரும். அப்புறம் இருக்கறதை நீக்குங்க. நீக்கும்போது ஒரு கட்டம் வரும், டிரைவரையும் சேத்து அழிக்கவான்னு. அதுல டிக் போடுங்க. அப்புறம் புதுசு. அணைச்சுப் போடுங்க. வந்துரும்."

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவள் சன்னலோரம் உட்கார்ந்துகொண்டு டிரைவரைப் பற்றித்தான் நினைக்க முயன்றாள். முடியவில்லை. இத்தனை காலம் அவர் ஒரு மிஷினிடம் பேசிக்கொண்டிருந்தார். இவள் ஒரு மனிதரிடம் பழகிக்கொண்டிருந்தாள். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை. மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் அவளை அதிகமாகக் குத்தியது. திட்டியிருந்தால் கோபப்பட்டாவது தீர்த்திருக்கலாம்.

அடுத்த நாள் காலை, வெயில் மேஜைமேல் விழுகிற நேரத்தில் வேலையை ஆரம்பித்தாள். எல்லா வயரையும் கழற்றினாள். அப்பாவின் திருப்புளியால் பக்கவாட்டுத் தகட்டின் திருகாணிகளைக் கழற்றினாள். உள்ளே, இத்தனை வருடத் தூசி கம்பளம் விரித்திருந்தது. பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் மெல்லத் தள்ளிவிட்டு, டார்ச் அடித்து, போர்டின் நடுவில் வெள்ளையாக அச்சடித்திருந்த எண்ணைப் படித்தாள். தகட்டை மூடி, வயர்களை மறுபடி மாட்டினாள். கம்பெனியின் இணையப் பக்கத்தில் அந்த எண்ணைத் தேடி, ஒலிக்கு உரிய டிரைவரை இறக்கிக்கொண்டாள். நெட் வயரைப் பிடுங்கினாள். மஞ்சள் முக்கோணத்தைக் கண்டுபிடித்து நீக்கச் சொன்னாள். கட்டம் வந்தது. டிக் போட்டாள். கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. இறக்கி வைத்ததை நிறுவினாள். மறுபடியும் அணைந்து எழுந்தது.

பெடலை மிதித்தாள். சத்தம் இல்லை.

தலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். பிறகு பட்டியலை மறுபடி திறந்தாள். முக்கோணம் போயிருந்தது. சிப்பின் பெயரும் சரியாக வந்திருந்தது. அப்படியென்றால் பேச்சு சரியாகத்தான் நடக்கிறது, போகும் இடம்தான் தப்பு. ஒலி வெளியேறும் இடத்தைப் பார்த்தாள். நினைத்தது சரி. இன்னமும் வாயில்லாத அந்தத் திரைக்கே சத்தத்தை அனுப்பிக்கொண்டிருந்தது. கீழே புதிதாக ஸ்பீக்கர் என்று ஒரு வரி முளைத்திருந்தது. அதைத் தேர்ந்தெடுத்து, சோதனைப் பொத்தானை அழுத்தினாள்.

இடது காதில் ஒரு மணி. வலது காதில் ஒரு மணி.

"வந்துட்டியா" என்று வாய்விட்டே கேட்டாள். ஓர் அவசரத்தில் அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா எடுக்கவில்லை. சொல்வதற்கு வேறு ஆள் யார் என்று செல்போனில் பெயர்களை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, வைத்துவிட்டாள்.

முன்பே வந்து இறங்கி நிலுவையில் இருந்த பதிவுகளைத் திறந்தாள். எல்லாம் நடைபாதையில் அவரைச் சந்திப்பதற்கு முந்தையவை. நாற்காலி கிறீச்சிட்டது. நுரையீரல், முதுகெலும்பு, சிறுநீரகம் என்று வரிசையாக வந்தார். இரண்டு நாள் பசியோடு சாப்பிட உட்கார்ந்தவள் போல அடித்துத் தள்ளினாள். அந்த வரிசையின் கடைசிப் பதிவில் அறிக்கை முடிந்தது. கருவி ஓடியது. போன் அடித்தது.

"சொல்லு... என்ன, வந்துடுச்சா? யார் சொன்னா?... சரி, சரி, நீ முதல்ல மூச்சு விடு... அழறாளா? எதுக்கு அழறா? சொல்லித் தொலையேன்..."

யாரோ கதவைத் தட்டி அவசரக் கேஸ் என்றார்கள். பதிவு நின்றது.

அவள் அதைத் திரும்ப ஓடவிட்டாள். இன்னொரு முறையும் ஓடவிட்டாள். மகிழ்ச்சியில் அழுதாளா, இல்லையா? டாக்டரின் குரலிலிருந்து அவளால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. சிறுநீரகத்தில் இருக்கும் கல்லைக்கூட அந்தக் குரலின் ஏற்ற இறக்கத்தில் முன்கூட்டியே உணர்ந்துவிடுகிறவளுக்கு, இது பிடிபடவில்லை.

நெட் வயரை மாட்டி, புதுப் பதிவுகளை வரவழைத்தாள். தெளிவான குரல். கரகரப்பு கூடியிருந்தது. எண்ணிப் பேசுகிறவர் போல ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். இடையில் தும்மல் வந்தபோது, "மன்னிக்கணும்" என்றார். எப்போதும் தும்மிவிட்டுத் தன்னையே ஒரு திட்டுத் திட்டிக்கொள்கிற மனிதர். முடிவில், "நன்றிம்மா" என்றார். டிக்கென்று பதிவு நின்றது. அடுத்ததிலும் அப்படியே. நன்றிம்மா, டிக். அவர் வீட்டுக் கதவை அவர் சாத்திக்கொண்டார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்த வாரம் முழுக்க அவளுடைய வேலை சீக்கிரமே முடிந்துபோயிற்று. அவர் தெளிவாகப் பேசியதால் குதிகாலுக்கு வேலையே இல்லை. மாலையில் பால்கனியில் நின்றாள். எதிர்க்கட்டடத்தில் ஓர் ஆள் சன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தது. யாரோ மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் கத்தினார்கள். அவள் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, ஹெட்போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பிறகு கீழே வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மேற்பார்வையாளர் போன் செய்தார்.

"இப்ப சத்தமெல்லாம் சரியா வருதாம்மா?"

"நல்லா வருது மேடம்."

"சார் உங்களைப் பத்தி எல்லார்கிட்டயும் சொல்றார். இத்தனை நாளா ஒரு ஆள் உக்காந்து அடிச்சிருக்காங்க, எனக்குத் தெரியலையேன்னு. அவருக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு போலிருக்கு."

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?" என்றாள். சாரோட பொண்ணுக்கு என்ன ஆச்சு என்று கேட்கத்தான் வாய் திறந்தாள். "வேற டாக்டர் யாருக்காவது ஆள் வேணுமா? எனக்கு நேரம் மிஞ்சுது" என்று முடித்தாள்.

"நல்ல வேளை, நீங்களே கேட்டீங்க. எலும்புப் பிரிவுல புதுசா ஒரு அம்மா வந்திருக்காங்க. ரயில் வேகத்துல பேசறாங்க. ரெண்டு பேர் முடியாதுன்னு ஓடிட்டாங்க. பாக்கறீங்களா?"

"அனுப்புங்க."

திங்கட்கிழமை காலையில் அந்தப் பதிவுகள் வந்தன. இளம் குரல். சொற்களின் கடைசி எழுத்தையெல்லாம் விழுங்கிவிட்டு அடுத்ததற்குப் பாய்ந்துகொண்டிருந்தது. முழங்கால் என்றதா முழங்கை என்றதா என்று முதல் வரியிலேயே தடுக்கி விழுந்தாள். பின்னால் ஏதோ ஒரு மிஷின் தட் தட் என்று அடித்துக்கொண்டிருந்தது. அது என்ன, மின்விசிறியா, அவர் மேஜையில் விரலால் தட்டுகிறாரா என்று தெரியவில்லை. அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, குதிகாலால் பெடலை அழுத்தி, இரண்டு சொல் பின்னால் போய் மறுபடி கேட்டாள்.